கொடுப்பார் கருத்தும் கொள்வார் கருத்தும்

கொழும்பு நூதனசாலையிலே பழங்கற்கள் வைக்கப்பட்டுள்ள பகுதியில் ஒரு கற்பலகை நிற்கின்றது. அதன் ஒரே முகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1911ஆம் ஆண்டிலே, காலி நகரில், ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த அதனைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். பல காலம் வண்டிகளும் மனிதரும் மிதித்துச் சென்ற அக்கல், பிற நாட்டாருடன் வணிகம் செய்ய விரும்புவோர் எவரும் கற்க வேண்டிய ஒரு பாடத்தைத் தன் அடிப்புறத்திலே தாங்கியிருந்தது.

கல்லிற் குறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனப் பேரரசரின் ஆணையை மேற்கொண்டு பெருங் கப்பற்படையுடன் இந்து சமுத்திரத்தைச் சுற்றிவந்த செங் ஹோ என்னும் கடற்றளபதியின் பெயரால் நடப்பட்ட கல் அது. சீனாவிலேயே பொறிக்கப்பட்டு இங்குக் கொண்டுவரப்பட்டது என்பது அறிஞர் கருத்து. மூன்று மொழிகளிலும் சொல்லப்படுவது காணிக்கையைப் பற்றிய செய்தியே. ஆயின் காணிக்கையைப் பெறுபவர் மூவர். சீன மொழிப் பகுதி புத்தர்பெருமானைப் போற்றுகின்றது; தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது; பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கு வணக்கம் கூறுகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் நறுநெய்யும் விளக்குகளும் மூவர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவிற் பங்கிடப்பட்டிருக்கின்றன.

அக்காலத்திலே தமிழும் பாரசீகமும் இந்து சமுத்திரத் துறைமுகங்களில் வழங்கிய வணிக மொழிகள். காலித் துறைக்கு வருவோர் யாவர், அவர் எதனைப் புனிதமாகக் கொள்வர், எம்மொழியிற் சொன்னால் அவர் மனங்கொள்வர் என்பனவற்றையெல்லாம் கடல் கடந்து புறப்படுமுன்பே விசாரித்தறிந்த ஒருவரது வேலை அக்கல். கொடுக்கப்படும் பொருள் ஒன்றேயாயினும், அதனைக் கொள்வாருடைய கருத்து வேறு வேறு என்பதை அது ஏற்றுக்கொண்டது. பல நாட்டு வணிகத்திலே முதற்பாடம் இதுவேயாகும். ஒரு பரிசுக்கும் ஒரு வணக்கத்திற்கும் ஒரு மௌனத்திற்குங்கூடப் பொருளை நிச்சயிப்பவர் அதனைக் கொடுப்பவரல்லர், பெற்றுக்கொள்பவரே.

இப்பாடம் கற்கப்பட்ட இடமொன்றையும் கற்கப்படாத இடமொன்றையும் தேடி இருவேறு நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. கள்ளிக்கோட்டை என்னும் ஒரே துறைமுகத்தில், ஒரே நூற்றாண்டுக்குள், சாமூதிரி என்னும் ஒரே பட்டப்பெயரைத் தாங்கிய அரசரின் முன்னிலையில், இரண்டும் நிகழ்ந்தன.

செங் ஹோவின் பயணங்களிலே மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவான் என்பவர் தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதிவைத்தார். கள்ளிக்கோட்டையில் வணிகம் நடைபெற்ற முறையை அவர் நுணுக்கமாக விவரிக்கின்றார். சீனக் கப்பல் வந்ததும் அரசனுடைய அதிகாரிகளும் செட்டி ஒருவரும் தரகரும் கப்பலுக்கு வந்து, விலை பேசுதற்கு நல்ல நாளொன்றைக் குறிப்பர். குறித்த நாளிலே பட்டு முதலிய சரக்குகள் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கப்பட்டு விலை பேசப்படும். விலை முடிவானபின் அது எழுதப்படும். ஒவ்வொரு தரப்பாரும் ஒவ்வொரு பிரதியை வைத்துக்கொள்வர். பின்னர் அனைவரும் கைகோத்து நிற்பர். அப்போது தரகர், இன்ன நாளிலே யாவரும் கைகோத்தமையால், இனி விலை ஏறினும் இறங்கினும் பேசிய பேச்சு மாறாதென அறிவிப்பார். அதன் பின்னரே செல்வர்கள் முத்தும் மணியும் பவளமும் கொண்டுவந்து காட்டுவர். அவற்றின் விலை முடிவதற்கு ஒரு மாதமும் செல்லலாம். மூன்று மாதமும் செல்லலாம்.

சீனருக்குக் கணக்கிடும் கருவியாக மணிச்சட்டம் உண்டு. செட்டிமாரோ கைவிரல் பத்தும் கால்விரல் பத்துமாகிய இருபதையுமே கொண்டு கணக்கிட்டனர். இதனைக் கண்ட மா ஹுவான் நகைக்கவில்லை. இம்மியளவும் பிழை நேராத கணக்கென வியந்து எழுதினார். தமது சட்டத்தை அவர்மேல் திணிக்கவுமில்லை. மாதக்கணக்கிற் காத்திருப்பதைக் காலவிரயமென்று கருதவுமில்லை. கைகோத்து நின்றால் பேச்சு மாறாது என்பது அந்நாட்டு வழக்கமாயின், கைகோத்து நிற்பதே சீனருக்கும் ஒப்பந்தமாயிற்று.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்தன. 1498ஆம் ஆண்டு மே மாதத்திலே அதே கடற்கரைக்கு வஸ்கொ ட காமா வந்து சேர்ந்தார். அவருடைய கப்பலிலே அரபு மொழி அறிந்தவர் இருந்தார். மலையாளம் அறிந்தவர் இலர். கிழக்கு நாடுகளிலே கிறித்தவ அரசர் இருக்கின்றனர் என்ற நம்பிக்கையோடு வந்த போர்த்துக்கேயர், வழியிலிருந்த ஓர் இந்துக் கோயிலைக் கிறித்தவத் தேவாலயமென்று எண்ணி அங்கே வழிபாடும் செய்தனர். காணப் போவது இன்னதென்று முன்னரே முடிவு செய்துகொண்டு வந்தவரின் கண்ணுக்கு அதுவே தெரிந்தது.

சாமூதிரி பட்டு விரித்த மஞ்சத்திற் சாய்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, பொற்படிக்கம் பக்கத்திலிருக்க, காமாவை வரவேற்றார். சொல்லால் நிகழ்ந்த வரவேற்பிலே குறையில்லை. மறுநாள் அரசருக்குரிய காணிக்கைப் பொருள்கள் எடுத்துவைக்கப்பட்டன. கோடிட்ட துணி பன்னிரண்டு துண்டு, செந்நிறத் தலைமூடி நான்கு, தொப்பி ஆறு, பவளச் சரம் நான்கு, கை கழுவும் கிண்ணம் ஆறு, சர்க்கரைப் பெட்டி ஒன்று, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய்: இவையே அக்காணிக்கை. இவற்றைப் பார்வையிட வந்த அரசனது அதிகாரிகள் வாய்விட்டுச் சிரித்தனர். மக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகனும் இதனினும் மேலானவற்றைத் தருவான். அரசனுக்குக் கொடுப்பதாயின் பொன்னைக் கொடுக்க வேண்டும் என்றனர். தாம் வணிகரல்லர், ஓர் அரசரின் தூதர் என்று காமா விடையிறுத்தார். அவ்விடை நிலைமையை இன்னும் மோசமாக்கிற்று. வணிகர் எளிய பொருள் கொண்டுவருதல் கூடும். பேரரசர் ஒருவரின் தூதர் அவ்வாறு வருதல் கூடுமோ?

போர்த்துக்கேயர் உலோபத்தினால் இவ்வாறு செய்தாரல்லர். ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரமாக அவர் நடத்திவந்த வணிகத்திலே துணியும் கிண்ணமும் தொப்பியும் நல்ல விலைக்குப் போயின. ஓரிடத்திற் செல்லும் நாணயம் எவ்விடத்தும் செல்லுமென அவர் எண்ணினர். அரபியரும் குசராத்தியரும் சீனரும் பொன்னும் பட்டும் குவித்த சந்தையிலே, கை கழுவும் கிண்ணம் பரிசன்று, அவமதிப்பு.

ஒரு பிழை மற்றொரு பிழையைப் பெற்றது. துறைமுகத்திற்கு வரும் எவரும் சுங்கம் செலுத்த வேண்டுமென்பது கள்ளிக்கோட்டையின் வழக்கம். காமா புறப்படுங்கால் அச்சுங்கம் கேட்கப்பட்டது. அவரோ அதனைப் பகைச் செயலாகக் கொண்டார். அவருடைய ஆட்களும் சரக்குகளும் கரையிலே தடுத்துவைக்கப்பட்டபோது, அவர் கப்பலுக்கு வந்திருந்த மலையாளத்தாரைப் பிணையாகப் பிடித்தார். ஈற்றில் அவருட் சிலரைத் தம்முடனேயே கொண்டு சென்றுவிட்டார். 1500ஆம் ஆண்டில் வந்த கப்ரால் காலத்திலே போர்த்துக்கேயரின் பண்டசாலை தாக்கப்பட்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பழியாக நகரின்மேல் பீரங்கி முழங்கிற்று. 1502இல் காமா மீண்டும் வந்தபோதும் பீரங்கியே பேசிற்று. அதே பீரங்கியோடு 1505இல் இலங்கைக் கரையையும் போர்த்துக்கேயர் அடைந்தனர்.

இத்துணைக்கும் காரணம் ஆறு கிண்ணங்களும் நான்கு தலைமூடிகளுமே என்று கூறின் அது வரலாறாகாது. மிளகு வணிகத்திலே முன்னரே வேரூன்றியிருந்தவர்களது போட்டியும், புதிதாக வந்தவர்களது பேராசையும், மதப் பகையும் இருந்தன. ஆயினும் கைகோத்து மாதக்கணக்கிற் பேசி வணிகம் செய்யும் வழியொன்று அத்துறைமுகத்திலே திறந்திருந்தது. புதியவர் அவ்வழியைக் கற்கும் பொறுமையின்றி வந்தமையால், பகைக்கு முதல் வாய்ப்பு உண்டாயிற்று.

சீனர் எப்போதும் அறிந்தவர், ஐரோப்பியர் எப்போதும் அறியாதவர் என்று இதனாற் கொள்ளுதல் தவறு. காலியிலே மூன்று மொழியிற் பணிவு காட்டிய அதே செங் ஹோ, ஏறக்குறைய 27,000 பேர் கொண்ட படையோடு வந்தவர். இலங்கையிலே அழகேசுவரனோடு போர் செய்து அவனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றவர். அயலாரின் வழக்கத்தை அறிதல் வேறு. அவரைத் தமக்கு நிகராக மதித்தல் வேறு. இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுவது, முந்நூறு ஆண்டுகளின் பின் சீனாவின் உள்ளேயே நிகழ்ந்த ஒரு சந்திப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயருக்குத் தேயிலை இன்றியமையாத பொருளாயிற்று. அதனைத் தரவல்ல நாடு சீனா ஒன்றே. மேல்நாட்டுக் கப்பல்கள் கன்ரன் என்னும் ஒரே துறைமுகத்திலே, அரசு அனுமதித்த வணிகருடன் மட்டுமே கொள்வனவு செய்யலாம். ஆங்கிலேயரின் சரக்குகளிலே சீனருக்கு அதிக நாட்டமின்மையால், தேயிலைக்கு விலையாக வெள்ளி ஓயாது வெளியேறியது. இந்நிலையை மாற்றும்பொருட்டு, கிழக்கிந்தியக் கம்பனியாரின் செலவிலே மக்காட்னி பிரபு 1792இல் தூது அனுப்பப்பட்டார். அவர் 1781 முதல் 1785 வரை சென்னையிலே தேசாதிபதியாக இருந்தவர், கீழ்நாடுகளை அறியாதவரல்லர்.

அவர் கொண்டுசென்ற பரிசுகளோ காமா கொண்டுசென்றவை போன்றவையல்ல. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பெருங்கருவி, தொலைநோக்கிகள், உருண்டைப் படங்கள், மணிக்கூடுகள், பீரங்கிகள், வண்டிகள் என மேல்நாட்டு அறிவியலின் சிறந்த வேலைப்பாடுகள் அவை. ஆயினும் அவற்றை ஏற்றிய படகுகளிலே சீன அதிகாரிகள் ஒரு கொடியைப் பறக்கவிட்டனர். ஆங்கில அரசன் அனுப்பிய திறை என்பது அக்கொடியின் வாசகம். கொடுத்தவர் கருத்தில் அவை நட்பின் பரிசும் விற்பனைக்குரிய மாதிரிச் சரக்குமாம். கொண்டவர் கருத்தில் அவை சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்தும் கடன்.

வண்டியொன்றைப் பற்றிய செய்தி நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. வண்டியோட்டி அமரும் முன்னிருக்கை உயரமாகவும் துணி போர்த்து அழகாகவும் இருந்தது. அதுவே பேரரசரின் ஆசனமென்று அரண்மனையார் எண்ணினர். அது வண்டியோட்டியின் இடமென்றும், பேரரசர் உள்ளே தாழ அமர்வாரென்றும் கேட்டபோது அவர் திகைத்தனர். ஒருவன் பேரரசருக்கு மேலாக உயர்ந்து அமர்வதோ? அதுவும் அவருக்கு முதுகு காட்டியோ? இலண்டனிலே அவ்வண்டியைச் செய்த தச்சனுக்கு இக்கேள்வி கனவிலும் தோன்றியிராது.

வணக்கமுறையே பெரும் பிணக்காயிற்று. பேரரசர் முன் மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை நிலத்திற்படப் பணிதல் சீன மரபு. தமக்கு நிகரான சீன அதிகாரி ஒருவர் ஆங்கில அரசரின் படத்தின் முன் அவ்வாறு பணிவாராயின் தாமும் பணிவதாக மக்காட்னி கூறினார். அதனை அவர் ஏற்கவில்லை. ஈற்றில், தம் அரசர் முன் செய்வதுபோல் ஒரு காலை மண்டியிட்டு வணங்குவதென்று முடிவாயிற்று. 1793ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள், எண்பது வயதைக் கடந்த சியென்லுங் பேரரசர் ஜெகோல் என்னுமிடத்திலே தூதரை வரவேற்றார்.

அச்சபையிலே பேரரசரின் மனத்தைக் கவர்ந்தது கோள்கருவியன்று. தூதருடன் சென்ற ஸ்டோண்டன் என்பாரின் பன்னிரண்டு வயது மகன், கப்பற் பயணத்திலேயே சீன மொழியை ஓரளவு கற்றிருந்தான். ஆங்கிலத் தூதுக்குழுவிற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடி நேப்பிள்சு நகரிலிருந்த குருமடம் வரை செல்ல நேர்ந்தது. அங்கிருந்து வந்தவருக்கோ ஆங்கிலம் தெரியாது, இலத்தீனும் இத்தாலியமுமே தெரியும். ஆகவே சீனத்திற்கும் ஆங்கிலத்திற்கும் இடையே ஒரு பேச்சு இருமுறை மொழிமாறிச் சென்றது. இந்நிலையில் ஒரு சிறுவன் நேரே சீனத்திற் பேசக் கேட்ட முதிய பேரரசர் மகிழ்ந்து, தம் இடையிலிருந்த பையொன்றை எடுத்து அவனுக்குப் பரிசளித்தார். பெருஞ்செலவில் அனுப்பப்பட்ட தூதுக்குழுவிலே, அந்தப் பேரரசரின் உள்ளத்தைத் தொட்ட சரக்கு ஒரு குழந்தை கற்ற மொழியே.

கேட்டவை ஒன்றும் கிடைக்கவில்லை. பீக்கிங்கிலே நிரந்தரத் தூதர், வேறு துறைமுகங்களில் வணிகம், சரக்கு வைக்க ஒரு சிறு தீவு என்பன யாவும் மறுக்கப்பட்டன. சீனாவிடம் எல்லாம் உள. பிறநாட்டுப் பொருள் வேண்டியதில்லை என்ற கருத்திலே பேரரசரின் திருமுகம் அமைந்தது. அதனை அறியாமையின் செருக்கென்று ஆங்கிலேயர் நெடுங்காலம் இகழ்ந்தனர். ஆயின் அதே காலத்தில் கரையோரக் காவலைப் பலப்படுத்துமாறு பேரரசர் ஆணையிட்டிருந்தார் என்பதை இன்றைய ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். சபையிற் சொல்லும் சொல் வேறு, உள்ளே கொள்ளும் கவலை வேறு என்பதையும் வந்தவர் உணர்ந்திலர்.

இருதிறத்தாரும் தம் வழக்கத்தையே உலகின் வழக்கமாகக் கொண்டனர். அரசர் அனைவரும் நிகர் என்பது ஒருவருக்கு ஐயத்துக்கிடமில்லாத உண்மை. வானத்தின் கீழ்ப் பேரரசர் ஒருவரே என்பது மற்றவருக்கு ஐயத்துக்கிடமில்லாத உண்மை. தேயிலைக்கு வெள்ளி கொடுக்க மனமற்ற வணிகம் அபினியை நாடிற்று. 1839இல் அபினிப் போர் மூண்டது. அப்போருக்கு இலாப வெறியே தலையான காரணம். வழக்கம் அறியாமை அதற்கொரு போர்வை. 1860இல் ஆங்கிலப் படையினரும் பிரெஞ்சுப் படையினரும் பீக்கிங்கின் கோடைகால அரண்மனையைச் சூறையாடியபோது, மக்காட்னி பரிசளித்த பீரங்கிகள் பயன்படுத்தப்படாமல் அங்கே கிடந்தன.

இவையெல்லாம் அரசர் காலத்துக் கதைகள், விமானமும் தந்தியில்லாத் தொடர்பும் உலகை ஒரே சந்தையாக்கிவிட்ட காலத்திலே இவற்றாற் பயன் என்ன என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடை கூற அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று போதும்.

அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாகிய வோல்மாட் 1997ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியிற் கால்வைத்தது. அங்கே முன்னரே நடைபெற்ற கடைத்தொகுதிகளை விலைக்கு வாங்கித் தன் முறையிலே நடத்த முற்பட்டது. பணத்திற்குக் குறைவில்லை; சரக்கிற்கும் குறைவில்லை. அமெரிக்கக் கடைகளிலே ஊழியர் வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்முறுவல் பூத்தல் வேண்டும். வாயிலில் நின்று வரவேற்றல் வேண்டும். வாங்கிய பொருளைப் பையில் இட்டுக் கொடுத்தல் வேண்டும். காலையில் ஒன்றுகூடி நிறுவனத்தின் பெயரை முழங்குதல் வேண்டும். இவையனைத்தும் ஜேர்மனிக்கும் கொண்டுசெல்லப்பட்டன.

ஜேர்மானிய வாடிக்கையாளர் பலருக்கு முன்பின் அறியாதவரின் புன்முறுவல் உபசாரமாகத் தோன்றவில்லை. சிலருக்கு அது காதற் குறிப்பாகவே பட்டது. தாம் வாங்கிய பொருளைத் தாமே பையில் இடும் பழக்கமுடையோர், பிறர் கை அதிற் படுவதை விரும்பவில்லை. காலை முழக்கம் ஊழியருக்கு நாணத்தை உண்டாக்கிற்று. முகாமையாளரின் மொழி ஆங்கிலமாயிற்று. ஊழியரின் தனிவாழ்வைக் கட்டுப்படுத்தும் நடத்தை விதிகளை நிறுவனம் வகுத்தபோது, 2005இல் ஜேர்மானியத் தொழில் நீதிமன்றம் அவற்றுட் சிலவற்றைச் செல்லாதனவாக்கியது. அமெரிக்க அளவிலே செய்யப்பட்ட தலையணை உறைகள் ஜேர்மானியத் தலையணைகளுக்குப் பொருந்தாமற் கிடந்தன என்ற செய்தியும் உண்டு.

மலிவு விலைக்குப் பேர்போன உள்நாட்டுக் கடைகளின் போட்டியும், கடை நேரத்தையும் விலையையும் கட்டுப்படுத்தும் சட்டங்களும் இழப்புக்குப் பெருங்காரணங்களாயின. ஆனால் போட்டியும் சட்டமும் எந்நாட்டிலும் உள்ளவை. அவற்றோடு பொருதற்குத் துணையாக வேண்டிய வாடிக்கையாளரும் ஊழியரும் மனம் ஒன்றாதிருந்ததே நிறுவனத்தைத் தனியாக்கிற்று. 2006ஆம் ஆண்டிலே தன் 85 கடைகளையும் ஜேர்மானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்று, ஏறக்குறைய நூறு கோடி டொலர் இழப்போடு அது வெளியேறியது. 1498இற் கிண்ணங்களை நோக்கி எழுந்த சிரிப்பும், 2006இல் புன்முறுவலை நோக்கிச் சுளித்த முகமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே.

அயலாரின் தவறுகளைக் கேட்டு மகிழ்தல் எளிது. தம் வழக்கமும் ஒரு வழக்கமே என்று உணர்தல்தான் அரிது. இலங்கையரும் தென்னிந்தியரும் உடன்பாட்டைக் காட்டத் தலையை இருபுறமும் மெல்ல அசைப்பர். புதிதாக வந்த மேல்நாட்டு வணிகர் அதனை மறுப்பென்று கொண்டு மயங்குவர். யப்பானியர் பேச்சின் நடுவே அடிக்கடி ‘ஆம்’ என்பர். ‘சொல்வது காதில் விழுகின்றது’ என்பதே பல வேளைகளில் அதன் பொருள். அதனை உடன்பாடென்று நம்பி, ஒப்பந்தம் முடிந்ததாக ஊருக்கு எழுதியவர் ஏமாற்றமடைவர். தலையசைத்தவரும் பொய்யரல்லர், ‘ஆம்’ என்றவரும் வஞ்சகரல்லர். கேட்டவரே தம் அகராதியைக் கொண்டு பிறர் மொழிக்குப் பொருள் கண்டவர்.

இலங்கையின் வாழ்வாதாரமாகிய தேயிலையே இதற்கு நல்ல சான்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தொடங்கிய பயிர், நெடுங்காலம் பிரித்தானியரின் சுவையை எண்ணியே வளர்ந்தது. பால் கலந்து குடிப்போர்க்கு விரைவிற் சாறு இறங்கும் சிறுதூள் வேண்டும். மலைநாட்டுத் தேயிலை அவ்வாறு ஆக்கப்பட்டது. பிற்காலத்திலே பிரித்தானியச் சந்தை சுருங்கியது. ஈராக், ஈரான், துருக்கி முதலிய நாடுகளிலே தேநீரைச் சிறு கண்ணாடிக் குவளையில், பால் இன்றிச் சர்க்கரையோடு அருந்துவர். அங்கே நாவுக்கு முன்னே கண் தேநீரைச் சுவைக்கின்றது. கண்ணாடியூடே தோன்றும் செழுஞ்சிவப்பு நிறமும், திரண்டு முறுகிய கரிய இலையின் தோற்றமும் விலையை நிச்சயிக்கின்றன. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலை இவ்விருப்பத்திற்கு இயைந்தது. முன்னே இலண்டன் வணிகர் மலைநாட்டுத் தேயிலைக்கு அடுத்த நிலையிலே வைத்த அத்தேயிலை, இன்று நாட்டின் மொத்த விளைவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகும். அதிற் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர் கையால் விளைவது. பால் கலவாமல் தேநீர் குடிப்பது பிழை என்று எவரேனும் பிடிவாதமாக வாதிட்டிருப்பின், பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும்.

மொழி பல பேசும் அயல்நாட்டார் காவிரிப்பூம்பட்டினத்திலே ஒன்றுகலந்து வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை பேசுகின்றது. வணிகரைப் பற்றிய அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். பிறர் பக்கத்தில் நின்றும் நோக்கவல்லவனே நடுவிலே நிற்க முடியும் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்று பள்ளிக்கூடங்களிலே பூகோள பாடத்திற்காக எந்நாட்டில் எண்ணெய் கிடைக்கும், எந்நாட்டில் கோதுமை விளையும் என்பனவற்றைப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். அந்நாட்டார் எவ்வாறு விருந்தினரை வரவேற்பர், எவ்வாறு மறுப்பைச் சொல்வர், எதனைப் பரிசாகக் கொள்வர் என்பவற்றையும் அவர்கள் கற்கட்டும். வேறொரு மொழியிலே நான்கு வாக்கியமேனும் பேசப் பழகட்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் அவ்வாறு கற்றுப் பேரரசர் ஒருவரின் இடைப்பையைப் பெற்றான். வாய்ப்பு நேரும்போது அப்பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் சென்று, அந்தக் காலிக் கல்லின் முன் சிறிது நேரம் நிறுத்திவைத்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் தகும்.